அந்தப் பத்து லிட்டர் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் நீல நிறத்தில் பெட்டி கட்டி ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். ‘ஒரு ஏ4 தாள் தயாரிக்க 10 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தேவையில்லாமல் பிரிண்ட் எடுக்காதீர்கள்’ என்று இருந்தது. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் நான் காகித ஆலையில் 33 வருடம் வேலை பார்த்தவன். முதல் 19 வருடம் மிஷினின் ஈரப் பக்கத்தில், அதாவது வெட் எண்டில். மீதி 14 வருடம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில். நாங்கள் அதை இ.டி.பி. என்போம். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் ஒரு பழைய பில்லைத் திருப்பிப்போட்டுக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டேன்.

80 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். ஒரு டன்னுக்கு 2 லட்சம் தாள். தாளுக்கு 10 லிட்டர் என்றால் டன்னுக்கு 20 லட்சம் லிட்டர், ஆலை வழக்கில் 2,000 கியூபிக் மீட்டர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது, தண்ணீரைப் பற்றி யாரும் வாயே திறக்காத அந்தக் காலத்தில்கூட, எங்கள் ஆலை டன்னுக்கு 200-ஐ ஒட்டித்தான் இழுத்தது. அதுவே அநியாயம் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. 2,000 இழுக்கிற ஆலையை நான் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம் அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? 2010இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு ஏ4 தாளுக்கு 2 முதல் 13 லிட்டர் வரை என்றார்கள். காட்டில் மரம் வளரும்போது அது உறிஞ்சி ஆவியாக விடுகிற மழைத் தண்ணீரையும் சேர்த்த கணக்கு அது. அதில் பெரும்பங்கு அந்த மழைதான். அந்த நிலத்தில் என்ன வளர்க்கலாம், எவ்வளவு வளர்க்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு அது உதவும். அவர்கள் செய்ததில் தப்பில்லை. ஆனால் அதை அப்படியே எடுத்துப் பெட்டிக்குள் போட்டால் ஆலைக்காரன் தப்பித்துக்கொள்கிறான். என் வருத்தம் அதுதான்.

எப்படி என்று சொல்கிறேன். ஓர் ஆலை டன்னுக்கு 60 கியூபிக் மீட்டர் எடுக்கிறது என்று வையுங்கள். கஷ்டப்பட்டு அதை 30 ஆக்குகிறது. தாள் கணக்கில் 300 மில்லி, 150 மில்லி ஆகிறது. பத்து லிட்டருக்குள் இந்த 150 மில்லியை யார் பார்ப்பார்கள்? ஆனால் தினம் 100 டன் ஓட்டுகிற ஆலையில் அது ஒரு நாளைக்கு 30 லட்சம் லிட்டர். கோடையில் கால் நனைகிற அளவுக்கு ஓடுகிற ஆற்றில் 30 லட்சம் லிட்டர் மிஞ்சினால் கீழே இருக்கிறவர்களுக்குக் கண்ணால் தெரியும்.

ஆலைக்குள் தண்ணீர் என்ன பாடு படுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பின்னால் நான் சொல்லப்போவது புரியாது. நீளமாகத்தான் போகும். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், கணக்குகளை மட்டும் வெட்டாதீர்கள்.

காகிதம் செய்வது என்றால் பாதி வேலை தண்ணீரை வடிப்பதுதான். கூழைப் பரப்பி விடுகிற ஹெட்பாக்ஸ் என்ற பெட்டியிலிருந்து வயர் மேல், அதாவது ஓடிக்கொண்டே இருக்கிற சல்லடை மேல், கூழ் விழும்போது அதில் நார் ஏறக்குறைய 1 சதவீதம், பாக்கி 99 தண்ணீர். அவ்வளவு நீர்க்க இல்லாவிட்டால் நார் திட்டுத்திட்டாகச் சேர்ந்துவிடும், தாளை வெளிச்சத்தில் பிடித்தால் மேகம் மாதிரித் தெரியும். ஒரு கிலோ காகிதத்துக்கு அந்த இடத்தில் 99 லிட்டர். வயரைத் தாண்டி பிரஸ்ஸுக்குப் போகும்போது 4 லிட்டர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரஸ் பிழிந்த பிறகு ஒன்றேகால் லிட்டர் என்று வையுங்கள். அதைத்தான் டிரையர் ஆவியாக்குகிறது.

அந்த 95 லிட்டர் எங்கே போகிறது? வயருக்குக் கீழே உள்ள தொட்டியில் கொட்டுகிறது. சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்திருக்கும். நாங்கள் பேக்வாட்டர் என்போம். அதில் பொடி நாரும், கூழில் சேர்க்கிற வெள்ளைப் பொடியான ஃபில்லரும் இருக்கும். அது நிற்கிறதே இல்லை. விழுந்த வேகத்தில் பம்ப் அதை எடுத்து அடுத்த கூழை நீர்க்கப் பண்ண அனுப்பிவிடும். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். ஒரு ஷிஃப்டில் எத்தனை சுற்று என்று எண்ணவே முடியாது.

உண்மையிலேயே ஆலையை விட்டுக் காற்றில் போகிற தண்ணீர் டிரையர் கூண்டிலிருந்து கிளம்பும் அந்த ஆவிதான். டன்னுக்கு ஒன்றேகால் கியூபிக் மீட்டர், அவ்வளவே. அப்படியானால் 60 எதற்கு, 200 எதற்கு? இங்கேதான் விஷயம் இருக்கிறது. மிஷினைச் சுற்றி நல்ல தண்ணீர் கேட்கிற வாய் நிறைய. வயரையும், பிரஸ்ஸில் தாளைத் தாங்கிப் போகிற கம்பளியான ஃபெல்ட்டையும் கழுவ ஷவர். வேக்குவம் பம்புக்கும் மற்ற பம்புகளில் ஷாஃப்ட் நுழைகிற இடமான கிளாண்டுக்கும் சீல் வாட்டர். கெமிக்கல் கரைக்க. தரை கழுவ. கூழ்ப் பிரிவு இருக்கிற ஆலை என்றால் கூழைக் கழுவவும் வெளுக்கவும் இன்னும் கூடுதல்.

ஷவரை எடுத்துக்கொள்ளுங்கள். வயருக்குக் குறுக்கே ஒரு பைப், அதில் ஊசி முனை மாதிரி வரிசையாக நாஸில். துவாரம் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். இதற்கு வடிகட்டிய பேக்வாட்டரையே விடலாம். சேவ்ஆல் என்ற வடிகட்டி அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் சேவ்ஆல் துணி கிழிந்துவிட்டால் நார் தாண்டி வந்துவிடும், நாஸில் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் வயர் அழுக்காகி, தாளில் நீளவாக்கில் கோடு விழும். கோடு விழுந்த தாள் டிரையரில் அறுந்துவிடும். அறுந்தால் மிஷின் ஓடும், காகிதம் வராது. அடுத்த அரை மணி நேரம் மேலே கீழே எல்லோரும் கத்துவார்கள். அந்த ராத்திரி மூன்று மணிக்கு ஒரு ஆபரேட்டர் என்ன செய்வான்? ஃபிரெஷ் வாட்டர் வால்வைத் திறந்து ஷவருக்கு விடுவான். ‘சும்மா ஒரு மணி நேரத்துக்கு’ என்பான். நானும் திறந்திருக்கிறேன். நான் அப்படித் திறந்த ஒன்று எட்டு மாதம் திறந்தே இருந்தது. துணி கிழிந்தது எல்லோருக்கும் மறந்தே போய்விட்டது.

33 வருடத்தில் எத்தனையோ தடவை தாள் அறுந்ததற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். தண்ணீர் திறந்து விட்டதற்காக ஒரே ஒரு தடவைகூட என்னை யாரும் கேட்டதில்லை. ஷிஃப்ட் முடிவில் போர்டில் எழுதுவது டன் மட்டும்தான். தண்ணீருக்கு அந்த போர்டில் கட்டமே கிடையாது.

கட்டம் போட்டது ஒரு பெண். நான் இ.டி.பி.க்கு மாறிப் பல வருடம் கழித்து, படித்து முடித்து நேராக வந்த ஷிஃப்ட் இன்ஜினியர். வந்த மூன்றாவது நாள், கூழ் கரைக்கிற பல்பர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஹோஸைக் காட்டி, “அண்ணே, இது எதுக்கு ஓடுது?” என்று கேட்டார்.

“அது எப்பவும் ஓடும்மா” என்றேன்.

பதில் சொல்லும்போதே எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. போய் ஒரு பத்து லிட்டர் வாளி கொண்டுவந்து ஹோஸுக்கு அடியில் வைத்து, போனில் நேரம் பார்த்தார். 12 வினாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 50 லிட்டர். மணிக்கு 3 கியூபிக் மீட்டர். நாளைக்கு 72. நாங்கள் அப்போது தினம் 100 டன். அந்த ஒரே ஒரு ஹோஸ் மட்டும் டன்னுக்கு 0.7 கியூபிக் மீட்டர். டிரையரில் ஆவியாகிறதில் பாதிக்கு மேல்!

அந்த வாரம் முழுக்க வாளியும் கையுமாகத்தான் அலைந்தார். முதலில் எங்களுக்குச் சிரிப்பு. அப்புறம் நாங்களே, “மேடம், நாலாம் நம்பர் பம்ப் கிளாண்ட் பாருங்க” என்று கூப்பிட ஆரம்பித்தோம். சுற்றுகிற ஷாஃப்ட்டில் காற்று புகாமலும் சூடேறாமலும் இருக்கக் கொஞ்சம் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டினால் போதும். எங்களிடம் பல பம்பில் அது ஓடிக்கொண்டிருந்தது. பேக்கிங் தேய்ந்து போனால் மாற்றுவதைவிட தண்ணீரைக் கூட்டிவிடுவது சுலபம் இல்லையா? வேக்குவம் பம்புகள் இன்னும் மோசம். அவற்றுக்குள் தண்ணீர் வளையமாகச் சுற்றித்தான் உறிஞ்சலே உண்டாகிறது. வெளியே வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், மற்றபடி அழுக்கு சொற்பம். அதை ஆண்டுக்கணக்காக நேராகச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தோம். ஒரு சின்னக் கூலிங் டவர் வைத்து, வடிகட்டித் திருப்பி விட்டால் வேலை முடிந்தது. இப்போது தண்ணீரே கேட்காத டர்போ புளோயரும் வந்துவிட்டது.

இதில் எதுவும் பெரிய விஞ்ஞானம் இல்லை. எந்த இடத்துக்கு எவ்வளவு சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று பார்த்து, அந்தத் தரத்தில் ஏற்கெனவே ஆலைக்குள் ஓடுகிற தண்ணீரைக் கொடுப்பது, அவ்வளவுதான். கூழைக் கழுவுவதிலும் அதே கதை. கடைசிக் கழுவலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். அதில் வடிவது அதற்கு முந்தின கழுவலுக்கு, அதில் வடிவது அதற்கும் முந்தினதற்கு என்று எதிர்த்திசையில் தண்ணீர் பின்னோக்கி வர வேண்டும். ஒவ்வொரு கழுவலுக்கும் புதுத் தண்ணீர் திறந்து விட்டால் கூழ் என்னவோ நன்றாகத்தான் வெளுக்கும். ஆற்றை யார் கேட்கிறார்கள்!

சரி, அப்படியானால் எல்லாத் தண்ணீரையும் உள்ளேயே சுற்றவிட்டு, ஒரு சொட்டும் வெளியே விடாமல் மூடிவிடலாமே என்று கேட்பீர்கள். மேடைகளில் இப்போது அதுதான் பேச்சு. பழைய அட்டையிலிருந்து பழுப்பு அட்டை செய்கிற ஆலைகளில் சிலவற்றில் அப்படி ஓட்டுகிறார்கள். முடியாதது இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. தண்ணீரை மூட மூட உப்பு சேரும், சூடு ஏறும், மாவுப் பசை சேரும். அதைத் தின்று கிருமி பெருகும். பைப்பில் வழுவழுவென்று சளி பிடிக்கும். அது கழன்று விழுந்தால் தாளில் ஓட்டை. காகிதத்திலேயே ஒரு புளிச்ச நாற்றம் ஏறும். இரும்பு அரிக்கும். அதனால்தான் விவரமான ஆலைகள் சுற்றுக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீரைப் பிரித்தெடுத்து, கிருமியை வைத்தே சுத்தம் பண்ணித் திருப்பி விடுகின்றன. ஆலைக்கு ஒரு சிறுநீரகம் வைத்த மாதிரி. மரக்கூழை வெளுக்கிற ஆலைகளில் இது இன்னும் கஷ்டம். வெளுக்கும் பிரிவின் தண்ணீரில் குளோரைடு இருக்கும். அதை உள்ளே திருப்பினால், மரத்தை வேகவைத்த பிறகு மிஞ்சும் கறுப்புச் சாறான பிளாக் லிக்கரை எரிக்கிற பாய்லரில் போய்ச் சேர்ந்து, குழாய்களை அடைக்கும், அரிக்கும்.

இன்னொன்று, இது ஆலைக்குள் இருப்பவர்களுக்காக. நீண்ட நிறுத்தத்துக்குப் பிறகு ஒரு கூழ்த் தொட்டியைத் திறந்தோம். தண்ணீரை மூடி ஓட்டத் தொடங்கியிருந்த காலம். உள்ளே கூழ் பல நாள் நின்று கெட்டிருந்தது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஒருவர் ஏணியில் நாலு படி இறங்கினார். “இப்ப நாத்தம் இல்லப்பா” என்றார். அந்த வார்த்தைதான் எங்களை உலுக்கியது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். சட்டையைப் பிடித்து மேலே இழுத்தோம், பிழைத்துக்கொண்டார். தண்ணீர் மிச்சப்படுத்தும் திட்டம் போடுகிறவர்கள் வாயு அளக்கும் கருவிக்கும் அதே தாளில் ஒரு வரி எழுத வேண்டும்.

இனி சொல்லப்போவது நானும் பங்கு வகித்த ஒரு விஷயம். ஆலையின் பெயர் வேண்டாம்.

இ.டி.பி.க்கு நான் மாறிய புதிது. கழிவுநீர் முதல் கிளாரிஃபையரில் நாரைப் படிய விட்டு, ஏரேஷன் டேங்குக்குப் போகும். அங்கே காற்றடித்து, கிருமிகளை வைத்து அழுக்கைத் தின்ன விடுவோம். காகித ஆலைத் தண்ணீரில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் போதாது. அதனால் தினமும் யூரியாவும் டி.ஏ.பி.யும் கரைத்து ஊற்ற வேண்டும். வயலுக்கு உரம் போடுகிற மாதிரிதான். ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். தண்டு மேல் மணி கவிழ்த்த மாதிரி ஓர் உயிர், வோர்டிசெல்லா. தொட்டால் தண்டு ஸ்பிரிங் போலச் சுருண்டு விரியும். அது நிறைய இருந்தால் அன்று எனக்கு நிம்மதி. ராத்திரி கூழ்ப் பிரிவில் யாராவது பிளாக் லிக்கரைக் கொட்டியிருந்தால் காலையில் ஒரு மணிகூட இருக்காது, தொட்டி மேல் காபி நிறத்தில் நுரை நிற்கும். கொட்டவில்லை என்று லாக் புக்கில் எழுதியிருப்பார்கள். அந்தப் பூச்சிகளுக்குப் பொய் எழுதத் தெரியாது.

அப்படி ஒரு நாளில் மாதிரி எடுக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தகவல் வரும். உடனே மேலேயிருந்து எனக்கு போன். “கொஞ்சம் ஃபிரெஷ் வாட்டர் விட்டுக்கப்பா.” வெளியேறும் வாய்க்காலுக்குச் சற்று முன்னால் ஆறு அங்குல ஃபிரெஷ் வாட்டர் லைன் ஒன்று வந்து சேரும். அதன் வீல் வால்வை நான் திறப்பேன். வாய்க்காலில் தண்ணீர் வெளுக்கும். வந்தவர்கள் பாட்டிலில் பிடித்துப்போவார்கள். ரிசல்ட் வரம்புக்குள் வரும்.

கணக்கைப் பாருங்கள். டன்னுக்கு 50 கியூபிக் மீட்டர் கழிவுநீர், அதில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் பி.ஓ.டி. (அழுக்கைக் கிருமி தின்ன எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை வைத்து அழுக்கை அளக்கும் எண்) என்றால் டன்னுக்கு 5 கிலோ அழுக்கு போகிறது. அதே அளவு நல்ல தண்ணீரைக் கலந்து 100 கியூபிக் மீட்டர் ஆக்கினால் லிட்டருக்கு 50 மில்லிகிராம். காகிதத்தில் எண் பாதியாகிவிட்டது. ஆற்றுக்குப் போனது அதே 5 கிலோ. கூடவே, அந்த எண்ணைப் பாதியாக்க ஆற்றிலிருந்தே இன்னொரு 50 கியூபிக் மீட்டர் இழுத்திருக்கிறோம்.

இதன் மறுபக்கம் அதைவிடக் கொடுமை. நேர்மையாகத் தண்ணீரைக் குறைக்கிற ஆலையைப் பாருங்கள். 60-ஐ 30 ஆக்குகிறான். அழுக்கு அதே 6 கிலோ. லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்தது இப்போது 200 ஆகிவிடும். மில்லிகிராமை மட்டும் வைத்து ஆலைகளை அளந்தால் மிச்சம் பிடித்தவன் மாட்டிக்கொள்வான், வால்வைத் திறந்தவன் நல்ல பெயர் வாங்குவான். எங்களோடு இருந்த அந்த இன்ஜினியர் அம்மா ஹோஸ்களை எல்லாம் அடைத்த மாதத்தில் எனக்கு ரிசல்ட் ஏறியது. “உங்களாலதான்மா எனக்குத் திட்டு” என்று அவரிடமே சொன்னேன். அவர் அன்றைக்குத்தான் எனக்கு இந்த டன்னுக்கு இத்தனை கிலோ கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். அதுவரை பத்து வருடத்துக்கு மேல் மில்லிகிராமைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் காகித ஆலைகளுக்கு ஒரு வரையறை வெளியிட்டது. அதில் அழுக்கைப் பெரும்பாலும் டன்னுக்கு இத்தனை கிலோ என்றுதான் கொடுத்திருக்கிறார்கள். கழிவுநீர் அளவும் தாளுக்குத் தாள் வேறு. மை நீக்காமல் பழைய காகிதத்திலிருந்து செய்யும் அட்டைக்கு டன்னுக்கு 1.5 முதல் 10 கியூபிக் மீட்டர். மை நீக்கிச் செய்வதற்கு 8 முதல் 15. மரத்தை ரசாயனத்தில் வேகவைத்து எடுத்து வெளுத்த கிராஃப்ட் கூழுக்கு 25 முதல் 50. ஆகவே ‘ஒரு தாளுக்கு எவ்வளவு’ என்று கேட்டால் ‘எந்தத் தாளுக்கு’ என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில். மார்ச் 22 நாளிதழையே தராசில் வைத்தேன். 68 கிராம். பழைய காகிதத்தில் மை நீக்கிச் செய்த நியூஸ்பிரிண்ட் என்றால், அந்த அளவுப்படி ஆலையிலிருந்து வெளியேறியது அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். இது நல்ல ஆலைக் கணக்கு. உங்களுக்கு வருவது எந்த ஆலையிலிருந்து என்பது உங்களுக்குத்தான் தெரியும், அல்லது தெரிய வேண்டும்.

அளவும் கிலோவும் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. கனடாவின் ஒன்டாரியோவில் டிரைடன் என்ற ஊரில் 1962 முதல் 1970 வரை கூழ் ஆலை வளாகத்திலிருந்து 9 டன் பாதரசம் ஆற்றில் இறங்கியது. கூழை வெளுக்க குளோரின் தயாரிக்கும் பிரிவிலிருந்து வந்தது. கீழே மீன் பிடித்துச் சாப்பிட்ட பூர்வகுடி மக்கள் இன்றுவரை அந்தப் பாதரச நச்சு நோயோடு இருக்கிறார்கள். ஓர் ஆலையின் பி.ஓ.டி.யைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. குளோரின் வாயுவால் வெளுப்பதில் டையாக்சின் உண்டாகிறது என்று 1980களில்தான் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் உலகத்தில் பெரும்பாலான ஆலைகள் குளோரின் டையாக்சைடுக்கும் ஆக்சிஜனுக்கும் மாறின. அதனால் எதை வைத்து வெளுக்கிறீர்கள் என்பதும் தண்ணீர்க் கேள்விதான்.

இப்போது உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நாளிதழ்தான் ஒரு பெரிய காகித வாடிக்கையாளர். உங்கள் கொள்முதல் பிரிவு ரீல் வாங்கும்போது ஜி.எஸ்.எம். கேட்கும், வெண்மை கேட்கும், அச்சு மிஷினில் அறுமா என்று கேட்கும், விலை பேசும். அதே தாளில் இன்னும் கொஞ்சம் கேட்கச் சொல்லுங்கள். டன்னுக்கு எத்தனை கியூபிக் மீட்டர் புதுத் தண்ணீர் எடுக்கிறீர்கள்? டன்னுக்கு எத்தனை கிலோ அழுக்கு வெளியே விடுகிறீர்கள்? எந்த ஆற்றிலிருந்து, அந்த ஆற்றில் தண்ணீர் மிகக் குறைவாக ஓடும் மாதத்தில் எவ்வளவு எடுக்கிறீர்கள்? வருடச் சராசரி சொல்லித் தப்பிக்க விடக்கூடாது. மழைக்காலத்து ஆறு யாரையும் காட்டிக்கொடுக்காது. பதில் 11.4 என்பது மாதிரி புள்ளி வைத்து வந்தால் அங்கே மீட்டர் இருக்கிறது, யாரோ ஒருவர் வாளியோடு அலைகிறார் என்று அர்த்தம். ‘சர்வதேசத் தரத்தில் நீர் மேலாண்மை செய்கிறோம்’ என்று பதில் வந்தால் மீட்டர் இல்லை என்று அர்த்தம். வந்த பதிலை அடுத்த மார்ச் 22 அன்று அதே நீலப் பெட்டியில் போடுங்கள்.

காகிதத்தை மிச்சப்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகச் செய்யுங்கள். என் வீட்டிலும் இரண்டு பக்கமும் எழுதிவிட்டுத்தான் போடுகிறோம். இந்தக் கடிதத்தின் கணக்கெல்லாம் பழைய பில்களின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

வாங்குகிறவர் கேட்டால் நடக்குமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால், எங்கள் தாளை வாங்க வந்த ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். அதில் ஏழாவதோ எட்டாவதோ கேள்வி, டன்னுக்கு எத்தனை கிலோ என்பது. அதற்கு அடுத்தது, கழிவுநீர் வெளியேறும் இடத்துக்கு முன்னால் வேறு தண்ணீர் வந்து சேர்கிறதா என்பது. நேரில் வந்தும் பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். பத்து நாளில் அந்த ஆறு அங்குல லைனை வெல்டர் வந்து வெட்டினார். மீதி நீட்டிக்கொண்டிருந்த துண்டில் பிளைண்ட் ஃபிளாஞ்ச், அதாவது வழியில்லாத மூடித் தகடு, வைத்து மூடச் சொன்னார்கள். எட்டு போல்ட். ஃபிட்டர் தம்பியிடமிருந்து ஸ்பேனரை வாங்கி எட்டையும் நானே முறுக்கினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காகித ஆலைத் தொழிலாளி
(பெயரும் முகவரியும் தனித் தாளில் இருக்கின்றன, பிரசுரிக்க வேண்டாம்)